ஐம்பத்தைந்து டிகிரி

லிப்ட் மெக்கானிக்கின் வலது முழங்கால் ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் மடங்காது. அவருக்கு இதை முதலில் சொன்னவர் எலும்பு டாக்டர். மனுஷன் நம்பவில்லை. ஏழு மாதம் பிசியோதெரபிக்குப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, தினமும் அரை மணி நேரம் அந்தக் காலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தார். கடைசியில் பிசியோதெரபி செய்த பெண்ணும் கோணம் பார்க்கிற அளவுகோலை முழங்கால் மேல் வைத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னாள்.

"நாப்பதுல ஆரம்பிச்சோம் சார். அம்பத்தஞ்சு வந்திருக்கு. இதுக்கு மேல மல்லுக்கட்டினா இருக்கறதும் போயிடும்."

எல்லாம் ஒரு மழை மத்தியானத்தின் வேலை. எங்கோ லிப்ட் நின்றுவிட்டதென்று போன் வந்து மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவரை, பின்னால் வந்த வேன் ஒன்று ஓரமாகத் தட்டிவிட்டுப் போனது. பழைய வண்டி இரும்புக் கடைக்குப் போயிற்று. முழங்கால் சில்லு மூன்று துண்டாகி, இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஏதோ ஒட்டிக்கொண்டது. நடக்கலாம். படி ஏறலாம், ஒவ்வொரு படியாக, இடது காலை முதலில் வைத்து. சாப்பாட்டு மேஜையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் அந்தக் காலைத் தாண்டிப் போகப் பழகிவிட்டார்கள்.

பதினோரு மாதம் கழித்து மானேஜர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன், காபி எல்லாம் வாங்கிக் கொடுத்தார்.

"அவசர லைன்ல ஒரு ஆள் குறைச்சலா ஓட்டிட்டிருக்கேன். உங்களுக்காகத்தான் அந்த இடத்தை அப்படியே வச்சிருக்கேன். அரை மணி நேரத்துல ஸ்பாட்ல நிக்கணும், அது உங்களுக்கே தெரியும். அடுத்த ஒண்ணாம் தேதி வண்டியோட வந்தீங்கன்னா பழைய வேலை. முடியலன்னா புகார் போன் எடுக்கற சீட்டு இருக்கு. அதுவும் கௌரவமான வேலைதான்."

"வண்டிதான் சார் பிரச்சனை," என்றார் மெக்கானிக். "வண்டி மட்டும் அமைஞ்சுட்டா நான் பழைய ஆளுதான்."

மானேஜர் ஒருமுறை மேஜைக்கு அடியில் நீண்டிருந்த காலைப் பார்த்தார். பிறகு பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருபத்தொரு வருஷம் அந்த லைனில் இருந்தவர் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன பெட்டிக்குள் வேர்த்து விறுவிறுத்துக் கிடப்பவர்களை வெளியே எடுப்பதுதான் வேலை. கதவைத் திறந்ததும் சிலர் அழுவார்கள், சிலர் அவரையே திட்டுவார்கள், ஒருவர் காலில் விழுந்திருக்கிறார். எது நடந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "பார்த்து வாங்க, படி உசரமா இருக்கும்." போன் எடுக்கிற சீட்டில் உட்கார்ந்து "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று சொல்வதை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள். விபத்து நடந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே, இனி இந்த வீட்டுக்குள் மோட்டார் சைக்கிள் என்ற பேச்சே கூடாது என்று சொல்லியிருந்தாள். ஆனால் பதினோரு மாதமாக அந்த மனுஷன் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து, எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததை அவளால் தாங்க முடியவில்லை. சபதத்தை அவளே விழுங்கிக்கொண்டாள். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"ஏங்க, வண்டி சரி. அங்க போனா ஏணி ஏறணுமே? கீழ லிப்ட் பள்ளத்துல எறங்கணுமே?"

"மொதல்ல வண்டி," என்றார். "மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் இரண்டு நாள் வீட்டில் பேச்சு இருக்காது. விட்டுவிட்டாள்.

அவர் ஒட்டுப்பலகையில் இரண்டு பட்டை அறுத்து, நடுவில் ஒரு போல்ட் போட்டு, ஐம்பத்தைந்து டிகிரியில் இறுக்கி வைத்துக்கொண்டார். ஒரு பட்டையின் நீளம் அவர் தொடை, இன்னொன்று முழங்காலிலிருந்து குதிகால் வரை. ஒரு பட்டையை சீட்டில் வைத்தால் மற்றதன் நுனி கால் வைக்கிற கட்டையைத் தொடவேண்டும். தொட்டால் வண்டி பொருந்தும், தொடாவிட்டால் பொருந்தாது. கணக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை கிளம்பினார்கள். கூடவே அவர் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. ஏசி விற்கிற கம்பெனியில் வேலை. எதைப் பற்றிக் கேட்டாலும் விளக்கம் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். அதனால் குடும்பத்தில் அவனுக்கு 'கைடு' என்று பெயர். மோட்டார் சைக்கிள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

முதல் கடையில் கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று, வரிசையாக வண்டிகள். விற்பனைப் பெண் ஒரு வண்டியைத் துடைத்து, "ரொம்பப் பேர் வாங்கற மாடல் சார்" என்று நிறுத்தினாள். மெக்கானிக் இடது காலில் நின்று வலது காலை விறைப்பாகச் சுழற்றிப் போட்டு ஏறினார். அதில் தடுமாற்றமே இல்லை. உட்கார்ந்ததும்தான் வந்தது வம்பு. கால் கட்டைக்கு வரவில்லை. முன்னாலேயே நீட்டிக்கொண்டு நின்றது, கதவில் மாட்டிய குடைபோல. பிரேக் பெடலுக்கும் அவர் பாதத்துக்கும் நடுவே ஒரு சாண்.

"பழகப் பழக சரியாயிடும் சார்," என்றாள் அந்தப் பெண்.

"எது, வண்டியா, காலா?" என்றார்.

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கக்கூடாதோ என்று மனைவியின் முகத்தைப் பார்த்தாள். பாவம், அவள் மேல் என்ன தப்பு. ஸ்கூட்டர் ஒன்றைக் காட்டினாள். அதில் கால் வைக்கிற தட்டு இருந்தது, ஆனால் முன்பக்கத் தகடு முழங்காலை முட்டியது. பக்கத்தில் இரண்டு சின்னச் சக்கரம் வைத்துத் தருவார்கள், அப்படி ஒன்று பார்க்கலாமா என்று கைடு மெல்ல ஆரம்பித்தான். மெக்கானிக் பதில் சொல்லாமல் பலகையை மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டான்.

இரண்டாவது கடைக்குப் போவதற்குள் கைடு வேறு யோசனையோடு தயாராக இருந்தான்.

"மாமா, நமக்குத் தேவை சீட்டுக்கும் கட்டைக்கும் நிறைய தூரம். அப்போ உசரமான வண்டி. காடு மேடெல்லாம் ஓட்டறாங்களே, அது."

யோசனை தப்பில்லை. பலகையை வைத்துப் பார்த்தால், நுனி கட்டையைத் தொட்டேவிட்டது. மெக்கானிக் முகத்தில் பதினோரு மாதத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். ஏறி உட்கார்ந்தார். வலது கால் கட்டையில் கச்சிதமாக நின்றது. ஆனால் மனுஷன் ஐந்தடி மூன்று அங்குலம். ஸ்டாண்டை எடுத்ததும், இடது கால் தரைக்கு எட்டவில்லை. பெருவிரல் நுனி மட்டும் வழவழத்த டைல்ஸைத் தொட்டு வழுக்கியது. வண்டி மெதுவாக, அவசரமே இல்லாமல் சாய ஆரம்பித்தது. அவர் பிடித்துப் பார்த்தார். மனைவி தோளைக் கொடுத்தாள். கைடும் இரண்டு விற்பனையாட்களும் ஓடிவந்து வண்டியையும் அவரையும் சேர்த்து நிமிர்த்தினார்கள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்து, உடனே வேறெங்கோ பார்த்தார்கள்.

"ஒண்ணும் ஆகலியே சார்?" என்று கேட்டபடி விற்பனையாள் குனிந்து கண்ணாடியிலும் இண்டிகேட்டரிலும் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தான்.

மூன்றாவது கடையில் நீளமாய், தாழ்வாய் ஒரு வண்டி. கால் கட்டை முன்னால் தள்ளி இருந்தது, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவது மாதிரி. கால் பொருந்தியது. தரை எட்டியது. ஹாண்டில் மட்டும் எட்டவில்லை. அதைப் பிடிக்க அவர் முதுகை முன்னால் வளைக்க வேண்டியிருந்தது, வளைத்தால் கால் பின்னால் இழுத்தது. நான்கு அங்குலம் ஹாண்டிலைப் பின்னால் கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டார். முடியாது, வாரண்டி போய்விடும் என்றார்கள். வேறு கடைகளிலும் அதே பாட்டு. அந்த மாதத்தில் எட்டுக் கடை பார்த்தார்கள். கால் பொருந்தினால் கை பொருந்தாது, கை பொருந்தினால் உயரம் பொருந்தாது. பொண்ணு பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு அலைச்சல் இல்லை என்று கைடு சொன்னபோது அக்காள் முறைத்தாள்.

"எல்லா வண்டியையும் யாரோ ஒரே ஒரு ஆளை உக்கார வச்சு அளவெடுத்துதான் செய்யறாங்க," என்றார் மெக்கானிக், பஸ்ஸில் திரும்பி வரும்போது. "அந்த ஆளு நான் இல்ல. அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய கால் நடைபாதையில் நீட்டியிருந்தது. இறங்குகிறவர்கள் அதைத் தாண்டும்போதெல்லாம் அவர் "ஸாரி, ஸாரி" என்றுகொண்டிருந்தார்.

ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பழைய வண்டி வாங்கி விற்கும் ஒருவரைப் பற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த யாரோ சொன்னதாக மனைவிதான் சொன்னாள். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே நெருக்கமாக நூறு வண்டி. கடைக்காரர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள். பலகையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மெக்கானிக்கின் காலையும் பார்த்தார், வெட்கப்படாமல், குனிந்து, நன்றாகவே பார்த்தார்.

"இதுக்கு மேல மடங்காதா?"

"மடங்காது."

"வாங்க."

கொட்டகையின் கோடியில், தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். மூன்றாவது கடையில் பார்த்த அதே நீள வண்டி, கறுப்பு. ஆனால் ஹாண்டில் பின்னால் வளைந்து வந்திருந்தது. சீட்டு இன்னும் தாழ்ந்திருந்தது. கட்டை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி வெல்டிங் செய்யப்பட்டிருந்தது.

"ஒரு பல் டாக்டர் செஞ்சு வாங்கினது. அவரும் உங்க உசரம்தான். இடுப்பு வலின்னு காலை நீட்டி ஓட்டணும்னு கேட்டாரு. ஒரு வருஷம்கூட ஓட்டல, ஊரைவிட்டே போயிட்டாரு. வேற எவன் உக்காந்தாலும் பொருந்த மாட்டேங்குது. ஒன்றரை வருஷமா தூங்குது."

மெக்கானிக் பலகையை வைத்துப் பார்க்கவில்லை. நேராக ஏறி உட்கார்ந்தார். வலது கால் தானாகப் போய்க் கட்டையில் அமர்ந்தது. பாதத்தை லேசாக அழுத்தினால் பிரேக். இரண்டு கையும், சோபாவின் கைப்பிடியில் வைப்பது மாதிரி, ஹாண்டிலில் விழுந்தன. இடது பாதம் முழுசாகத் தரையில். கைடுகூட விளக்கம் சொல்ல மறந்துபோனான்.

கொட்டகையைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு ரோட்டில். முதல் வளைவில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் தேய்ந்து, நின்று, மறுபடி வளர்ந்து திரும்பி வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய முகம். அவளுக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே ஒரு பயமும் விலகாமல் நின்றது. அது வண்டியைப் பற்றிய பயம் என்றுதான் அவள் அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஒன்றாம் தேதி காலை பழைய சீருடை, பழைய கருவிப்பை. மானேஜர் வாசலுக்கே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துத் தட்டிக்கொடுத்தார். பதினொன்றேகாலுக்கு முதல் போன். ஏழு மாடிக் குடியிருப்பு, பழைய லிப்ட், நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒரு பெண் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு அந்தக் கட்டடம் மனப்பாடம். நெரிசலில் புகுந்து புறப்பட்டுப் பதினெட்டே நிமிஷத்தில் போய் நின்றார். காவலாளி, "அட, இவ்வளவு சீக்கிரமாவா?" என்றான்.

ஏழு மாடியும் ஏறினார். ஒவ்வொரு படியாக, பையைத் தோளில் போட்டுக்கொண்டு. ஐந்தாவது மாடியில் கதவைத் தட்டி, "அம்மா, வந்துட்டேன், பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷம்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். மொட்டை மாடிக்கு மேல் மெஷின் அறை. அதற்கு ஒரு செங்குத்தான இரும்பு ஏணி, ஒன்பது படி. இடது காலால் ஏறி வலது காலை இழுத்து இழுத்து அதையும் ஏறிவிட்டார். ஏணியின் உச்சியில் இரண்டடிச் சதுரத்தில் ஒரு திறப்பு. திறப்புக்கு மேலே முழ உயரத்தில் மோட்டார் உட்கார்ந்திருக்கும் இரும்பு உத்தரம். அதில் தலை இடிக்காமல் குனிந்து, இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடக்கி, சுருண்டு பக்கவாட்டில் நழுவவேண்டும். ஆயிரம் தடவை செய்திருக்கிறார். எப்படிச் செய்கிறோம் என்று யோசித்ததுகூட இல்லை.

முதல் தடவை வலது கால் திறப்பின் விளிம்பில் இடித்து நின்றது. இரண்டாம் தடவை பையைக் கழற்றி உள்ளே தள்ளிவிட்டு, இடது காலை முதலில் உள்ளே போட்டுப் பார்த்தார். நடு உடம்பு உத்தரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, வலது கால் கீழே கடிகாரத்தின் பெண்டுலம்போல நீட்டிக்கொண்டு ஆடியது. மூன்றாம் தடவை முழங்காலை வேண்டுமென்றே பலமாக மடக்கினார். உள்ளே ஏதோ சுருக்கென்றது. கண் இருட்டியது. பாதம் ஏணியை விட்டு வழுக்கி, ஒரு மூச்சு நேரம் இரண்டு கையில் தொங்கினார்.

கீழே இறங்கி மொட்டை மாடித் தரையில் உட்கார்ந்தார். மோட்டாரைக் கையால் சுற்றுகிற சக்கரம் அவர் தலைக்கு மேல் எட்டு அடியில் இருந்தது. கரண்டை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, அதைக் கையால் நாலு சுற்று சுற்றினால் பெட்டி ஐந்தாவது மாடிக்கு வந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

சக மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவன் ஊரின் மறுகோடியில் இருந்தான். "நாப்பது நிமிஷமாவது ஆகும்ணே," என்றான். ஏன் என்று கேட்கவில்லை.

ஐந்தாவது மாடிக்கு இறங்கிவந்து லிப்ட் கதவின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"இருக்கீங்களா?" என்றது உள்ளேயிருந்து குரல். வயசுப் பெண்ணின் குரல், அடக்கமான குரல்.

"இருக்கேம்மா."

"அஞ்சு நிமிஷம்னீங்களே."

"இன்னொரு ஆள் வரணும்மா. வந்துட்டிருக்காரு. காத்து வருதா உள்ள?"

"வருது. ஆனா இருட்டா இருக்கு." கதவை உள்ளேயிருந்து லேசாகத் தட்டினாள். "நீங்க மெக்கானிக்தானே?"

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் நீங்க திறக்க மாட்டேங்கறீங்க?"

அவர் வாயைத் திறந்தார். சாவி இல்லை, கருவி மேலே இருக்கிறது, ஒரு ஆள் மட்டும் செய்யக்கூடாத வேலை என்று சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. பன்னிரண்டு மாதமாக அவரிடம் ஏதாவது ஒரு பதில் இருந்துகொண்டே இருந்தது: சீட்டு உயரம், ஹாண்டில் தூரம், கட்டை பின்னால் இருக்கிறது.

"என்னால மேல ஏற முடியலம்மா," என்றார். "கால் மடங்காது."

"அப்போ ஏன் உங்களை அனுப்பினாங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். அவரிடம் அதற்கும் பதில் இருந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

சக மெக்கானிக் வந்து, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போனான். நாலு நிமிஷத்தில் பெட்டி அசைந்து கீழிருந்து எழும்பி நின்றது. கதவு திறந்தபோது, அந்தப் பெண் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தரையில் நீண்டிருந்த காலைப் பார்த்தாள், பக்கவாட்டில் தாண்டிப் போனாள். 'பார்த்து வாங்க' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மெஷின் அறையிலிருந்து பையை எடுத்துவந்து கொடுத்தான் சக மெக்கானிக். "அண்ணே, நான் ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஏதோ சாமான் தேவைப்பட்டுச்சுன்னு எழுதிக்கலாம்."

"எத்தனை தடவை எழுதுவ?" என்றார். "நானே சொல்லிடறேன்."

மானேஜரிடம் அன்றைக்கே சொன்னார். மானேஜர் ஆச்சரியப்படாததுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. போன் சீட்டு எந்த மூலையில் என்பதைக்கூட அப்போதே காட்டினார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொள்ளலாம், காலை நீட்ட வசதியாக இருக்கும் என்றார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே வந்து நின்றிருக்க வேண்டும்.

"எப்படி இருந்துச்சு வண்டி?"

"வண்டி ரொம்ப நல்லா இருக்கு. பதினெட்டு நிமிஷத்துல போயிட்டேன்."

ஸ்டாண்ட் போட்டார். இறங்கவில்லை. காலை நீட்டி, கையை ஹாண்டிலில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தார். அவள் அருகில் வந்து அவர் தோளிலிருந்து கருவிப்பையை எடுத்தாள். பை கனத்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு, ஏணியைப் பற்றி அன்றைக்குத் தான் கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை.

"உள்ள வாங்க," என்றாள்.

"வரேன். நீ போ."

அவள் பையை உள்ளே கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியாமல், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு ஹாலில் நின்றாள்.